நடுக்கம் இருக்கட்டும், அந்த முறுக்கலைக் கவனியுங்கள்

உங்கள் அப்பாவுக்கு வந்த பார்க்கின்சன் நோய் உங்களுக்கு வரவில்லை. நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் நேராகக் கேட்கத் தயங்கியது இதைத்தான் என்பதால், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பார்க்கின்சன் நோயில் கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்கும். டம்ளரை எடுக்கப் போனால் நடுக்கம் தணியும். உங்களுக்கு நேர்மாறு. காலையில் கோலமாவைக் கிள்ளும்வரை கை அமைதியாக இருக்கிறது, புள்ளியை நெருங்க நெருங்க ஆடி மாவு இரண்டு விரற்கடை தள்ளி விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விரலை நீட்டி மூக்கைத் தொடச் சொல்லி நாங்கள் பரிசோதனை அறையில் தேடுவது இதையேதான். உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது நரம்பிழைகளின் உறையை உடம்பின் எதிர்ப்பாற்றலே தாக்கும் நோய், சிறுமூளையின் நரம்புப் பாதைகளைத் தொட்டுவிட்டால் இந்த நடுக்கம் வரும். 1868இல் பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் இந்த இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்டியதும் நடுக்கத்தின் இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

அப்படியிருக்க, அப்பாவுக்கு வாங்கி மீந்துபோன மாத்திரையில் பாதியைப் பத்து நாளாக விழுங்கியிருக்கிறீர்களே, யாரைக் கேட்டு? இந்த நடுக்கத்துக்கு அது உதவாது. நீங்கள் சொல்லும் குமட்டல் பெரும்பாலும் அதனால் வந்ததாகவே இருக்கும். இன்றோடு நிறுத்துங்கள்.

நடுப்பகல் வெயிலில் கால் கனத்து, நிழலில் உட்கார்ந்து முகம் கழுவியதும் சரியாகிவிடுகிறதா? அது சூட்டால் வருவது, புதிய தாக்குதல் அல்ல. இரவில் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவதற்கு இரும்புச்சத்து அளவைப் பார்த்துக்கொள்ளலாம். அவசரமில்லை.

அவசரம், கடிதத்தின் கடைசியில் நீங்கள் 'சுளுக்கு' என்று இரண்டே வரியில் முடித்துவிட்ட விஷயத்தில்தான் இருக்கிறது. ஐந்து நாளாக வலது கை மணிக்கட்டோடு மடங்கி முறுக்கிக்கொள்கிறது. அரை நிமிடம் உயிர்போகும் வலி, பிறகு தானே விட்டுவிடுகிறது. ஒரு நாளில் பதினைந்து இருபது முறை. சுளுக்கு இப்படி வந்து வந்து போகாது. உங்கள் கணவர் பயப்படுவதுபோல வலிப்பும் அல்ல என்றே தோன்றுகிறது. கை முறுக்கும்போது நீங்கள் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உறை கழன்ற நரம்பிழைகளில் மின்கசிவுபோல ஏற்படும் இறுக்கம் இது. புதிதாகத் தொடங்கி, ஒரு நாளைக்கு மேலாகத் திரும்பத் திரும்ப வந்தால், மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ புதிய அழற்சி உண்டாகியிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்களுக்கு முதலில் போனது ஒரு கண்ணின் பார்வை. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோய் உண்டு. வலியோடு கூடிய இந்த முறுக்கல் அதில் அதிகம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கிவிடும். அந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அக்வாபோரின்-4 எதிர்ப்பணுவுக்கான இரத்தப் பரிசோதனை உங்களுக்கு எப்போதாவது செய்யப்பட்டதா? கோப்பில் தேடுங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேர பஸ் பயணம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. நாளையே போங்கள். போவதற்கு முன், கை முறுக்குவதை உங்கள் கணவர் செல்பேசியில் படம் பிடிக்கட்டும். மருத்துவர் முன்னால் அது வராமல் போகலாம். பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு கொடுப்பதாக இருந்தால், அதற்கு முன் அது தெரிந்திருக்க வேண்டும். இடையில் கால் துவண்டாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கண் மங்கி அப்படியே நின்றுவிட்டாலோ, இரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இந்த முறுக்கல் கார்பமசெபின் என்ற மருந்தின் குறைந்த அளவிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்காக மருந்துக் கடையில் பெயரைச் சொல்லி வாங்கிவிடாதீர்கள். சிலருக்குத் தோலையே உரித்தெடுக்கும் ஒவ்வாமை அதனால் வருகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடும்போதும், உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே அவரிடம் காட்டுங்கள். காலிறுக்கத்துக்குச் சாப்பிட்டுவரும் பேக்லோஃபெனை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம்.

கோலத்தை விட்டுவிடவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். குனிந்து நின்று போடாமல் மணையில் உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு போடுங்கள். ஆட்டம் ஓரளவு குறையும்.