ஆர்.என்.ஏ. ஏற்றிய டென்ட்ரிடிக் செல்கள்: புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய கேள்வி பதில்

நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களை வெளியே எடுத்து, அவற்றில் கட்டியின் ஆர்.என்.ஏ.வை (புரதம் தயாரிப்பதற்கான செய்முறைக் குறிப்பை) ஏற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் சிகிச்சை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

முதுநிலை மாணவி ஒருவர்: எத்தனையோ வகை வெள்ளணுக்கள் இருக்கும்போது டென்ட்ரிடிக் செல்லை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

நோயுற்ற செல்களைத் தாக்கும் வெள்ளணுக்களான டி செல்கள் தாமாகவே ஒரு புரதத்தை எதிரி என்று கண்டு கிளர்ந்தெழுவதில்லை. அந்தப் புரதத்தைத் துண்டுகளாக வெட்டி, மேற்பரப்பில் ஏந்தி, நிணநீர் முடிச்சுவரை கொண்டுசென்று, அதுவரை எந்த எதிரியையும் சந்தித்திராத டி செல்லுக்குக் காட்டி, தாக்குதலைத் தூண்டும் துணைச் சமிக்ஞைகளையும் சேர்த்துக் கொடுப்பதில் டென்ட்ரிடிக் செல்லுக்கு நிகர் வேறில்லை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டெய்ன்மனும் சான்வில் கோனும் 1973இல் இச்செல்லை விவரித்தனர். புற்றுக்கட்டி தன்னைச் சுற்றியுள்ள டென்ட்ரிடிக் செல்களை மந்தப்படுத்திவிடுகிறது. ஆகவேதான் அவற்றை உடலுக்கு வெளியே, கட்டியின் ஆதிக்கம் எட்டாத இடத்தில் வளர்த்துத் தயார்ப்படுத்துகிறார்கள்.

ஸ்டெய்ன்மனுக்கு 2007இல் கணையப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. டென்ட்ரிடிக் செல் தடுப்பூசிகளைத் தம் உடலிலேயே அவர் செலுத்திக்கொண்டார். அவற்றுள் ஒன்று, அவரது கட்டியின் ஆர்.என்.ஏ.வை ஏற்றியது. 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்பு அவர் காலமானார். அந்த நோயில் நான்காண்டு என்பது நீண்ட காலமே. ஆயினும் வேறு சிகிச்சைகளையும் பெற்ற ஒருவரை மட்டும் வைத்துத் தடுப்பூசியே காரணம் என்று கூற இயலாது.

மருந்தாளுநர் ஒருவர்: புரதத்தையே நேரடியாக ஏற்றலாமே, ஆர்.என்.ஏ. எதற்கு?

ஏற்றலாம். அமெரிக்காவில் 2010இல் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்ற சிபுலூசெல்-டி என்னும் செல் சிகிச்சை அப்படிப்பட்டதே; அதில் ஏற்றப்படுவது புரதம். ஆர்.என்.ஏ. வழியை, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் எலி கில்போவா (Eli Gilboa) என்பவரின் குழு 1996இல் எலிகளில் நிறுவிக் காட்டியது. புரதத் துண்டுகளைக் கொடுப்பதானால் நோயாளியின் ஹெச்.எல்.ஏ. (புரதத் துண்டை மேற்பரப்பில் ஏந்திக் காட்டும், ஆளுக்கு ஆள் மாறுபடும் மூலக்கூறு) வகைக்குப் பொருந்தும் துண்டு எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தால், செல்லே புரதத்தைத் தயாரித்துத் தன் ஹெச்.எல்.ஏ.வுக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்கிறது. ஊசிமுனையளவு திசு கிடைத்தாலும் அதிலுள்ள ஆர்.என்.ஏ.வை ஆய்வகத்தில் வேண்டிய அளவுக்குப் பெருக்கிக்கொள்ளலாம் என்பதை நான் பெரிய வசதியாகக் கருதுகிறேன். தூது ஆர்.என்.ஏ. உட்கருவுக்குள் புகுந்து மரபணுத்தொகுதியில் ஒட்டிக்கொள்வதில்லை, விரைவிலேயே சிதைந்துவிடும். குறையும் உண்டு. கட்டியிலிருந்து மொத்தமாக எடுத்த தூது ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி எல்லாச் செல்களிலும் உள்ள சாதாரணப் புரதங்களுக்கானதுதான், புற்றுக்கே உரியது சிறு பங்கே.

தந்தைக்குச் சிகிச்சை தேடும் ஒருவர்: நோயாளிக்கு இது எவ்வளவு சிரமம் தரும்?

நோயாளி சாய்வு நாற்காலியில் சில மணி நேரம் இருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து இரத்தம் இயந்திரத்துக்குள் சென்று, வெள்ளணுக்கள் பிரிக்கப்பட்டபின் மறு கை வழியாகத் திரும்பும். அவருக்குச் சிரமமான கட்டம் பெரும்பாலும் இதுதான். பிரித்தெடுத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான மோனோசைட்டுகளை இரண்டு வளர்ச்சிக் காரணிகளோடு ஏறத்தாழ ஒரு வாரம் வளர்த்தால் அவை டென்ட்ரிடிக் செல்களாக மாறுகின்றன. பிறகு, இரு பக்கமும் உலோகத் தகடு பதித்த, விரல் நுனியளவு அகலமே உள்ள சிறு குப்பியில் செல்களையும் ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து ஊற்றி, மில்லி விநாடிக் கணக்கில் மின்துடிப்பு கொடுப்பார்கள். செல்சவ்வில் நொடிப்பொழுது திறக்கும் துளைகள் வழியே ஆர்.என்.ஏ. உள்ளே போய்விடும். செல்களை உறையவைத்துப் பாதுகாத்து, வாரக்கணக்கான இடைவெளியில் பெரும்பாலும் தோலுக்குள் ஊசியாகச் செலுத்துவார்கள். ஊசியிட்ட இடத்தில் சிவத்தல், லேசான காய்ச்சல், அசதி ஆகியவையே பொதுவான பக்கவிளைவுகள்.

செவிலியர் ஒருவர்: உண்மையாகவே ஆயுளை நீட்டித்திருக்கிறதா?

சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. பெரிய ஆய்வு கைகொடுக்கவில்லை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரக் குழு, இப்புற்றுச் செல்களில் மிகுந்து காணப்படும் டபிள்யூ.டி.1 என்னும் புரதத்தின் ஆர்.என்.ஏ.வை ஏற்றிய செல்களைத் தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகள் பத்துப் பேருக்குச் செலுத்தி 2010இல் முடிவுகளை வெளியிட்டது. கீமோதெரபிக்குப் பிறகு பகுதியளவே நோய் தணிந்திருந்த இருவருக்கு, இத்தடுப்பூசிக்குப் பின் முழுத் தணிவு ஏற்பட்டது. பிரஸ்ஸல்ஸ் குழு, டென்ட்ரிடிக் செல்லை மேலும் வீரியப்படுத்தும் மூன்று ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்து, டி செல்களின் தடையை நீக்கும் இபிலிமுமாப் மருந்துடன் முற்றிய மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகள் 39 பேருக்குக் கொடுத்தது. 15 பேருக்குக் கட்டி சுருங்கியது, அவர்களுள் எட்டுப் பேருக்கு முழுவதும் மறைந்தது. ஆனால் இதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. எந்த மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை.

ஒப்பீட்டுக் குழுவுடன் நடந்த பெரிய ஆய்வு, சிறுநீரகப் புற்றுநோய்க்கான ரோகாபுல்டென்செல்-டி என்னும், கட்டியின் ஆர்.என்.ஏ. ஏற்றிய டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி பற்றியது. ஆர்கோஸ் நிறுவனம் நடத்திய அந்த மூன்றாம் கட்ட ஆய்வில் பரவிய நோயுடைய 462 பேர் பங்கேற்றனர். வழக்கமான புற்றுநோய் மருந்தான சுனிடினிப்புடன் தடுப்பூசியும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைக் கடந்து வாழ்ந்த காலம்) 27.7 மாதம், தடுப்பூசி இல்லாமல் சிகிச்சை பெற்றவர்களுக்கு 32.4 மாதம். தடுப்பூசி பெற்றவர்களில் வலுவான டி செல் எதிர்வினை காட்டியோர் கூடுதலாக வாழ்ந்தனர் என்பது உண்மை. ஆனால் உடல்நிலை நன்றாக இருப்பவர்களுக்கே எதிர்வினையும் நன்றாக எழும் என்பதால், அதை வெற்றியாக எண்ண நான் தயங்குகிறேன். இரத்தப் பரிசோதனையில் டி செல்கள் பெருகியிருப்பதும் நோயாளி பிழைப்பதும் வேறு வேறு என்பதை இத்துறையில் உள்ள நாங்கள் உரத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

மாணவர் ஒருவர்: செலுத்திய செல்கள் எல்லாம் நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேருகின்றனவா?

மிகச் சிறு பங்கே சேருகிறது. மற்றவை ஊசியிட்ட இடத்திலேயே மடிந்துவிடுகின்றன. டியூக் குழு, மூளைப் புற்றுநோயான கிளியோபிளாஸ்டோமாவில் 2015இல் ஓர் எளிய உபாயத்தை வெளியிட்டது: டென்ட்ரிடிக் செல்களைச் செலுத்துமுன் அதே இடத்தில் டெட்டனஸ் தடுப்பூசி மருந்தைச் சிறிதளவு செலுத்துவது. அவ்வாறு செய்தவர்களுக்கு முடிச்சை அடைந்த செல்களும் அதிகம், ஆயுளும் கூடியிருந்தது. பங்கேற்றவர்கள் 12 பேர் மட்டுமே. ஆயினும், வழியைச் செம்மைப்படுத்துவதிலேயே முன்னேற்றம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பை நான் கண்டதில்லை.

ஆசிரியர் ஒருவர்: கொரோனா தடுப்பூசி போல ஆர்.என்.ஏ.வை நேரடியாகவே செலுத்த முடியும்போது, செல்லை வெளியே எடுக்கும் பாடு இன்னும் தேவையா?

போட்டி கடுமைதான். கொழுப்புத் துகளில் பொதிந்து நரம்பூசியாகச் செலுத்தும் ஆர்.என்.ஏ.வை மண்ணீரலின் டென்ட்ரிடிக் செல்கள் தாமே எடுத்துக்கொள்கின்றன. கணையப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு 16 பேருக்கு இவ்வாறு கொடுத்துப் பார்த்ததில் எட்டுப் பேரிடம் டி செல் எதிர்வினை எழுந்தது என்று 2023இல் வெளியானது. அந்த ஆர்.என்.ஏ.வும் ஒவ்வொருவரின் கட்டிக்கேற்ப வடிவமைக்கப்பட்டதே; ஆனாலும் அதை அனைவருக்கும் ஒரே ஆலையில் தயாரிக்கலாம். செல் தடுப்பூசிக்கோ ஒவ்வொருவரின் செல்லையும் எடுத்துத் தனியே வளர்க்க வேண்டும். செல்லுக்குள் எவ்வளவு ஏறியது, செல் முதிர்ந்ததா என்று செலுத்துமுன்பே சோதிக்க முடிவது செல் வழியின் அனுகூலம். என் கணிப்பில் நேரடி வழியே பரவலாகும்.

பெயர் குறிப்பிடாத ஒருவர்: ஒரு தனியார் மையம் பல லட்சம் ரூபாய்க்கு டென்ட்ரிடிக் செல் சிகிச்சை தருவதாகக் கூறுகிறது. சேரலாமா?

நகையை அடகு வைத்துச் சேராதீர்கள். முறையான மருத்துவ ஆய்வாக இருந்தால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்குப் பதிவு எண் இருக்கும். ஆய்வுக்குரிய மருந்துக்குப் பொதுவாகப் பணம் பெறமாட்டார்கள். செல்லில் ஏற்றுவது எது, கிருமியற்ற நிலையை யார் சோதிக்கிறார்கள், உங்கள் வகைப் புற்றுநோயில் வெளியான முடிவு எது என்ற மூன்றையும் எழுத்துமூலம் கேளுங்கள். வழக்கமான சிகிச்சையை நிறுத்தச் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்து, அன்றே உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.