அமாங் தூசியும் கிளினிக் சோதனையும்

மலேசியாவின் பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் வீட்டுக்காரர் அமாங் (வெள்ளீயம் எடுத்தபின் மிஞ்சும் மணல்) பிரிக்கும் ஆலையில் வேலை செய்கிறார். சட்டையெல்லாம் கறுப்புத் தூசி. அதில் யுரேனியம் இருக்கிறதாம். கிளினிக்கில் சிறுநீரகச் சோதனை எடுத்தோம், நார்மல். இனி பயமில்லைதானே? தினமும் பால் குடித்தால் தூசி இறங்கிவிடுமா?"

பால் வயிற்றுக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது. ஆசைக்குக் குடிக்கட்டும், மருந்தாக வேண்டாம்.

சோதனை நார்மல் என்பது நல்லதுதான், ஆனால் அது உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. மூச்சோடு போன யுரேனியம் எங்கே தங்கும் என்பது அது கரைகிற வேகத்தைப் பொறுத்தது. யுரேனைல் நைட்ரேட் போன்ற யுரேனியச் சேர்மங்கள் சீக்கிரம் கரைந்து இரத்தத்தில் கலக்கும். கலந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 24 மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். போகிற போக்கில் சிறுநீரக நுண்குழாய்களைக் கெடுக்கும். அது பெரும்பாலும் கதிர்வீச்சின் வேலை அல்ல, காரீயம்போல ஒரு கன உலோக நஞ்சின் வேலை. மிச்சத்தில் ஒரு பகுதி எலும்பில் சேரும்.

அமாங் கதை வேறு. வெள்ளீயம் எடுத்தபின் மிஞ்சும் இந்த மணலில் மோனசைட், சிர்கான் போன்ற கனிமங்கள் உண்டு. யுரேனியமும், மோனசைட்டில் அதைவிட அதிகமாகத் தோரியம் என்ற இன்னொரு கதிரியக்க உலோகமும், படிகத்துக்குள்ளேயே பூட்டிக் கிடக்கின்றன, லேசில் கரையாது. பெரிய துகள் மூக்கில் நின்றுவிடும். மூச்சுக்குழாயில் படிந்ததைச் சளி மேலே தள்ளும், விழுங்கினால் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். நுரையீரலின் காற்றறை வரை இறங்கிய மிக நுண்ணிய துகள்தான் சிக்கல். வருடக்கணக்கில் அங்கேயும் பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் தங்கும். இவை விடும் ஆல்பா கதிர் திசுவில் ஒரு முடியின் தடிமன்கூடப் பாயாது. ஆனால் ஒட்டியிருக்கும் செல்லை விடாமல் தாக்கும். பல வருடம் கழித்துப் புற்றுநோய் வாய்ப்பு கூடுவது இதனால்தான். இதெல்லாம் சிறுநீரகச் சோதனையில் எப்படித் தெரியும்?

மார்பில் குத்தும் பேட்ஜும் வெளியிலிருந்து வரும் கதிரைத்தான் அளக்கும், உள்ளே போன தூசியை அல்ல. அதனால் வீட்டுக்காரரிடம் சொல்லி, வேலையிடத்துக் காற்றில் தூசி அளந்த கணக்கைக் கேட்கச் சொல்லுங்கள். தொழிலாளி வாங்கும் கதிர்வீச்சுக்கு இங்கே சட்ட வரம்பு வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு). உள்ளே போனதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

முகத்தோடு ஒட்டும் என்95 மாஸ்க் போடட்டும், துணி மாஸ்க் போதாது. வேலைச் சட்டையை வீட்டில் உதறாதீர்கள், தனியாக நனைத்துத் துவையுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடச் சொல்லுங்கள், சளி தூசியை மேலே தள்ளும் வேலையை அதுதான் கெடுக்கிறது.