விழா மலருக்கு எது சரி: மெரிட்ரிஷியஸா, மெரிட்டோரியஸா?

வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்தில் ஓய்வுபெறும் தலைமையாசிரியருக்கான விழா மலரில் அவருடைய பணியை ஆங்கிலத்தில் ‘மெரிட்ரிஷியஸ் சர்வீஸ்’ என்று எழுதியிருப்பதாகவும், கணினியின் பிழைதிருத்தி அதைச் சுட்டவில்லை என்றும் கூறியிருந்தீர்கள். அச்சகத்துக்கு அனுப்பும் முன் அதை அவசியம் மாற்றிவிடுங்கள். அது எழுத்துப்பிழை அன்று, வேறு பொருளுடைய முழுச்சொல். கணினி பேசாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

தாங்கள் தேடிய சொல் ‘மெரிட்டோரியஸ்’, அதாவது பாராட்டத் தகுந்த. மற்றதோ வெளிப்பகட்டு மட்டும் மிகுந்து உள்ளீடு இல்லாத ஒன்றைக் குறிக்கும். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதுதான் வேடிக்கை: ஈட்டுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து, உழைத்துப் பெற்ற தகுதியைக் குறிக்கும் சொல் ஒருபுறமும், விலைமகளைக் குறிக்கும் ‘மெரெட்ரிக்ஸ்’ மறுபுறமும் கிளைத்தன. நம் முன்னோர் பொருட்பெண்டிர் என்றார்களே, ஏறக்குறைய அதே பார்வை. அவ்வழி வந்த ‘மெரிட்ரிஷியஸ்’ ஆங்கிலத்தில் போலி மினுக்கு என்ற பொருளில் நிலைத்துவிட்டது. முப்பதாண்டு உழைத்தவருக்கு அந்த அடைமொழி வேண்டாம்.

அதே பத்தியில் ‘ஃபுல்சம்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிறைவான என்று சிலர் அதைக் கையாண்டாலும், முகம் சுளிக்கவைக்கும் மிகைப்புகழ்ச்சி என்றே பலர் வாசிப்பார்கள். ஆகவே அங்கே அன்பு கனிந்த என்னும் பொருளுடைய ‘வார்ம்’ என்னும் எளிய சொல்லே போதும் என்பது என் கருத்து.