வாழ்க்கையை வீடியோ கேம் போல நினைத்து லெவல் ஏற்றினால் உண்மையில் முன்னேற முடியுமா?

முடியும், ஆனால் பாதி தூரம்தான்.

ஹாபிடிகா என்ற செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் ஹாபிட்ஆர்பிஜி என்ற பெயரில் வந்தது. பல் தேய்ப்பது, பத்துப் பக்கம் படிப்பது என நீங்களே வேலைகளைப் பட்டியலிட வேண்டும். முடித்தால் அனுபவப் புள்ளியும் தங்கமும் கிடைக்கும். தினசரி வேலையைத் தவறவிட்டால் செயலியில் உள்ள உங்கள் கதாபாத்திரத்தின் உயிர் குறையும்; தீர்ந்துபோனால் ஒரு லெவல் இறங்கும். நண்பர்களோடு குழுவாக ஓர் அரக்கனுடன் மோதும்போது நீங்கள் சோம்பினால் அடி எல்லோருக்கும் விழும். என்னைக் கேட்டால், புள்ளிகளைவிட இந்த வெட்கம்தான் அதிகம் வேலை செய்கிறது.

கேம் ஏன் இழுக்கிறது? உடனே பலன் தெரிகிறது. ஒரு மாதம் ஓடினாலும் தொப்பை அப்படியே இருக்கும்; கேமில் அடுத்த நொடியே முன்னேற்றப் பட்டை நகரும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் புள்ளிகள்.

சரி, சிக்கல் எங்கே? 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். பிறகு பரிசு இல்லாதபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே வரைந்தார்கள். அதனால் பிடித்த வேலைக்குப் புள்ளி போடாதீர்கள். பாத்திரம் கழுவுவது, வரிக்கணக்கு பார்ப்பது போன்றவற்றுக்குத் தாராளமாகப் போடலாம்.

அப்புறம், சுலபமான வேலைகளாகச் சேர்த்து லெவல் ஏற்றும் திருட்டுத்தனம் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது, 'தண்ணீர் குடி' என்பதை மட்டும் ஐந்து முறை சேர்த்திருந்தேன்.