போட்டோவில் கையெழுத்து யாரிடம் வாங்குவது? காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெற்றோருக்கு

"புகைப்படத்தில் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் பெற வேண்டும்." அரசு வேலை விண்ணப்பத்தின் மூலையில் இந்த ஒரு வரியைப் பார்த்ததும் வீட்டில் பதற்றம் தொற்றிக்கொள்கிறது. கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துக்கு யாரைப் பிடிப்பது, எந்தச் சொந்தக்காரருக்கு எந்த ஆபீஸில் ஆள் தெரியும் என்று போன் மேல் போன் போகிறது. அந்த போனைப் போடும் முன் படிவத்தையும் அறிவிப்பையும் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். பாதி பேருக்கு அந்தக் கையெழுத்தே தேவைப்படாது. மீதிப் பேரில் பலருக்கு, கையெழுத்துப் போடத் தகுதியானவர் நடந்து போகிற தூரத்திலேயே இருப்பார்.

டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ்., ரயில்வே தேர்வு வாரியம் எல்லாம் படத்தை ஆன்லைனில்தான் வாங்குகின்றன. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. இப்போது விண்ணப்பிக்கும்போதே கேமராவில் நேரடியாகப் படம் பிடிக்கிறது. இவற்றுக்கு விண்ணப்பிக்கும் கட்டத்தில் யாருடைய கையெழுத்தும் வேண்டாம். மாவட்ட அளவில் தாளில் வாங்கும் விண்ணப்பங்கள் பலவற்றில் "சுய சான்றொப்பம்" என்றுதான் இருக்கும். அதாவது உங்கள் மகனோ மகளோ தாங்களே கையெழுத்துப் போட்டால் போதும். வேறு சில படிவங்களில் "படத்தின் மேல் கையெழுத்திடக் கூடாது" என்றே எழுதியிருப்பார்கள். தேர்வறையில் கண்காணிப்பாளர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டிய படமும் உண்டு. அதை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போனால் தேர்வறையில் சிக்கல்தான். ஆக, சுய சான்றொப்பமா, அலுவலர் சான்றொப்பமா, கையெழுத்தே இல்லாத படமா என்பதைப் பென்சிலால் கோடிட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

அலுவலர் கையெழுத்து உண்மையிலேயே தேவைப்படும் முக்கியமான இடம், தேர்வாகி ஆர்டர் வந்த பிறகு மத்திய அரசுத் துறைகள் கொடுக்கும் அட்டெஸ்டேஷன் படிவம். போலீஸ் சரிபார்ப்புக்குப் போவது இதுதான். இதன் கடைசிப் பகுதியில் அடையாளச் சான்று என்று ஒன்று உண்டு. "இவரை இத்தனை வருடம், இத்தனை மாதமாக எனக்குத் தெரியும், இவர் கொடுத்துள்ள விவரங்கள் நான் அறிந்த வரை சரி" என்று ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். யார் போடலாம் என்ற பட்டியல் அங்கேயே அச்சாகியிருக்கும். மத்திய, மாநில கெஜட்டட் அலுவலர்கள், தொகுதியின் எம்.பி., எம்.எல்.ஏ., சார் ஆட்சியர் நிலை அலுவலர்கள், தாசில்தார், மாஜிஸ்திரேட் அதிகாரமுள்ள துணைத் தாசில்தார், கடைசியாகப் படித்த பள்ளி அல்லது கல்லூரியின் தலைமை ஆசிரியர் அல்லது முதல்வர், வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.), போஸ்ட் மாஸ்டர், பஞ்சாயத்து இன்ஸ்பெக்டர் ஆகியோர் வழக்கமாக அதில் இருப்பவர்கள். பஞ்சாயத்து இன்ஸ்பெக்டர் என்பதை ஊராட்சித் தலைவர் என்று பலர் படித்துவிடுகிறார்கள். அது வேறு. தலைவர், கவுன்சிலர் கையெழுத்து இங்கே செல்லாது.

அந்தப் பட்டியலில் நான் முதலில் கை வைக்கச் சொல்வது, கடைசியாகப் படித்த பள்ளி, கல்லூரியின் மேல்தான். செட்டிநாட்டில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. இங்கே ஊருக்கு ஊர் நகரத்தார் அறக்கட்டளைகள் நிறுவிய அரசு உதவி பெறும் பள்ளிகள் உண்டு. அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர் அரசு ஊழியர் அல்ல, ஆகவே கெஜட்டட் அலுவலரும் அல்ல. "கெஜட்டட் அலுவலர் மட்டும்" என்று கேட்கும் படிவத்தில் அவர் கையெழுத்து திரும்பி வரும். ஆனால் "கடைசியாகப் படித்த அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தலைவர்" என்ற வரியின் கீழ் அவர் முழுத் தகுதியோடு கையெழுத்திடலாம். பிள்ளையை அவருக்கு உண்மையிலேயே தெரியும். சேர்க்கைப் பதிவேடு அவர் அலமாரியில் இருக்கிறது. எத்தனை வருடப் பழக்கம் என்ற கட்டத்தை யோசிக்காமல் நிரப்புவார். முன்பின் தெரியாத பெரிய அதிகாரியிடம் சிபாரிசோடு போய் வாங்கும் கையெழுத்தைவிட இது எல்லா வகையிலும் வலுவானது.

படிவம் கெஜட்டட் என்று கறாராகக் கேட்டால், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். காரைக்குடியில் அழகப்பா என்ற ஒரே பெயருக்குள் பல வகை நிறுவனங்கள் இருக்கின்றன. 1947ல் தொடங்கிய அழகப்பா அரசு கலைக் கல்லூரியும், அழகப்பச் செட்டியார் பெயர் தாங்கிய அரசு பொறியியல் கல்லூரியும் அரசுக் கல்லூரிகள். அங்குள்ள அரசுப் பேராசிரியர்களை அணுகலாம். அழகப்பா பல்கலைக்கழகப் பேராசிரியர் பல்கலைக்கழக ஊழியர். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியின் விஞ்ஞானி சி.எஸ்.ஐ.ஆர். என்ற தன்னாட்சி அமைப்பின் ஊழியர். படிப்பிலும் பதவியிலும் எவ்வளவு உயர்ந்தவர்களாக இருந்தாலும், அரசிதழில் நியமனம் வெளியாகும் அலுவலர் என்ற கறாரான பொருளில் இவர்கள் வரமாட்டார்கள். வங்கி மேலாளரும் எல்.ஐ.சி. அதிகாரியும் அப்படித்தான். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., சப் இன்ஸ்பெக்டர் அரசு ஊழியர்கள்தான், ஆனால் கெஜட்டட் அல்ல. நோட்டரி வக்கீல் நகலைச் சான்றளிக்கலாம். படிவத்தில் "அல்லது நோட்டரி" என்று இருந்தால் ஒழிய, அவர் முத்திரை கெஜட்டட் கையெழுத்துக்கு மாற்று ஆகாது. ஓய்வு பெற்றவரின் பழைய ரப்பர் ஸ்டாம்ப்பை எடுக்கச் சொல்லவே வேண்டாம்.

தகுதியானவர்கள் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், அரசு மருத்துவமனை டாக்டர், கால்நடை உதவி மருத்துவர், வேளாண்மை அலுவலர், பி.டி.ஓ., தாசில்தார் போன்றவர்கள். கால்நடை டாக்டரை யாரும் நினைப்பதே இல்லை. கல்லல், சாக்கோட்டைப் பக்கம் மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு அவரைவிடத் தெரிந்த கெஜட்டட் அலுவலர் யார்? உங்கள் வீட்டுப் படி ஏறியவர் அவர்.

நேரம் பார்த்துப் போங்கள். திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள் என்பதால் வருவாய்த் துறை அதிகாரிகளை அன்று தேடுவது வீண். ஜமாபந்தி (வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும் மே, ஜூனில் தாசில்தார் கையில் நேரம் இருக்காது. டாக்டரிடம் ஓ.பி. முடிந்த பிறகு, பள்ளியில் பொதுத் தேர்வு இல்லாத நாளில் மதியத்துக்குப் பிறகு போகலாம்.

எல்லை விஷயமும் இங்கே கொஞ்சம் குழப்பம். கானாடுகாத்தானும் கடியாபட்டியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். முன்னது சிவகங்கை மாவட்டம், பின்னது புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் தாலுகா. தாசில்தாரிடம் போவதானால் உங்கள் தாலுகாவா என்று பாருங்கள். சென்னையில் குடியிருந்துகொண்டு பூர்வீக வீட்டு விலாசத்தைக் கொடுக்கும் குடும்பங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அட்டெஸ்டேஷன் படிவம், கடந்த ஐந்து ஆண்டில் ஓராண்டுக்கு மேல் தங்கிய ஒவ்வொரு இடத்தையும் கேட்கும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீட்டை வசிப்பிடம் என்று எழுதினால், போலீஸ் விசாரணைக்கு வரும்போது கதவு பூட்டியிருக்கும். எம்.எல்.ஏ., எம்.பி. கையெழுத்தும் வழக்கமாக வசிக்கும் தொகுதிக்காரருடையதாக இருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் செட்டிநாட்டுப் பிள்ளைகள் சிக்குவது அதிகம். இனிஷியல் இங்கே ஒற்றை எழுத்தில் நிற்பதில்லை. பழ., ராம., லெ., மெ., சித. என்று அப்பா பெயரோடு ஐயா (தாத்தா) பெயரும் சேர்ந்து இரண்டு மூன்று வரும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, அலுவலர் கையால் எழுதும் சான்றில் மூன்றாவது மாதிரி என்றால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளபடி ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, அதைப் பார்த்து எழுதும்படி அலுவலர் முன் வையுங்கள்.

இனி படம். 3.5க்கு 4.5 செ.மீ., வெள்ளைப் பின்னணி, படிவம் வேறு சொல்லாவிட்டால் மூன்று மாதத்துக்குள் எடுத்தது. ஸ்டுடியோவில் லேப் பிரிண்டாகக் கேளுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படத்தில் ஈர விரல் பட்டாலே நிறம் ஊறிவிடும். பளபளப்புத் தாளைவிட மேட் தாள் நல்லது. பளபளப்பில் ஜெல் பேனா மையும் ஸ்டாம்ப் மையும் காயாமல் நின்று, மடித்ததும் எதிர்ப்பக்கத்தில் அச்சாகும். ஒரே தடவையில் எடுத்த படத்தில் எட்டுப் பிரதி வாங்கி, நான்கைத் தொடாமல் வைத்திருங்கள். சேரும் நாளில் அதே படத்தைத்தான் கேட்பார்கள்.

படத்தை ஸ்டேப்ளர் அடிக்காமல் பசையால் ஒட்டி, பத்து நிமிடம் உலரவிட்டு, பிறகு எடுத்துப் போங்கள். ஈரத்தில் பேனா நிப்பு மேல்தாளைக் கிழிக்கும். கையெழுத்து பாதி படத்திலும் பாதி தாளிலும் விழ வேண்டும். படத்தைப் பிய்த்து வேறொன்றை ஒட்ட முடியாமல் இருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. கீழ் மூலையில் சட்டைப் பகுதியில் தொடங்கித் தாளுக்குள் போனால் சரி. முகத்தின் குறுக்கே போனாலோ, வட்ட முத்திரை கண்ணையும் மூக்கையும் மறைத்தாலோ அந்தப் படம் போயிற்று. எங்கே போட வேண்டும் என்று தாளில் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வைத்துக் காட்டுங்கள், தவறாக நினைக்க மாட்டார்கள். பச்சை மைதான் வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை. அது அதிகாரிகளின் வழக்கம். படிவம் கேட்டிருந்தால் ஒழிய நீலம், கறுப்பு எதுவும் செல்லும். பெயர், பதவி, அலுவலகம் உள்ள முத்திரையும் தேதியும்தான் கட்டாயம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: முழுவதும் நிரப்பிய படிவம், அறிவிப்பில் அந்த விதி உள்ள பக்கத்தின் பிரதி, ஆதாரும் பத்தாம் வகுப்புப் பட்டியலும் அசலாக, நல்ல பால்பாயிண்ட் பேனா, உபரிப் படம் இரண்டு. பிள்ளை கூட வரட்டும். படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துப் போடுகிற கையெழுத்து இது. அப்பா மட்டும் போய் நின்றால் நேர்மையான அதிகாரி மறுப்பார், அவர் மறுப்பது சரி. வெற்றுப் படிவத்தை நீட்டவே நீட்டாதீர்கள். "ஐயா, பத்தாவதும் பன்னிரண்டாவதும் இங்கேதான் படித்தாள், சேர்க்கை எண் இதோ" என்று தொடங்கினால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். தெரியாத அலுவலர் என்றால், அவருக்கும் உங்களுக்கும் தெரிந்த ஓர் ஆசிரியரைக் கூட்டிப் போங்கள். பலர் உதவி செய்யவே விரும்புகிறார்கள். ஆனால் "எனக்கு இவரைத் தெரியும்" என்று எழுதுவதற்கு அவருக்கு ஓர் ஆதாரம் வேண்டும்.

தாலுகா ஆபீஸ் வாசலில் "நான் போட்டு வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்பவரிடம் படிவத்தைக் கொடுக்காதீர்கள். முத்திரை எங்கே செய்யப்பட்டது என்றே உங்களுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் அந்த அலுவலருக்கே எழுதி விசாரிப்பார்கள். போலி என்று தெரிந்தால் போவது வேலை மட்டுமல்ல, குற்ற வழக்கும் வரும், அதுவும் பிள்ளையின் பெயரில். அட்டெஸ்டேஷன் படிவத்தின் தலைப்பிலேயே, பொய் விவரம் கொடுத்தாலும் உண்மையை மறைத்தாலும் தகுதி இழப்பு என்று எச்சரிக்கை இருக்கும். பழைய வழக்கு ஏதாவது இருந்தால், முடிந்துபோனதாக இருந்தாலும், கேட்ட இடத்தில் எழுதிவிடுங்கள். வழக்கைவிட மறைத்ததுதான் அதிகம் பேரின் வேலையைக் கெடுக்கிறது.

கையெழுத்து ஆனதும் அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்குள் அங்கேயே நின்று சரிபாருங்கள். பழகிய வருடம், மாதம் என்ற கட்டங்கள் நிரம்பியிருக்கிறதா, தேதி இருக்கிறதா, முத்திரையில் பதவி படிக்க முடிகிறதா, "ஃபார்" என்று வேறொருவர் போட்ட கையெழுத்தா. அதிகாரி அடுத்த வாரம் மாறுதலாகிப் போய்விட்டால் திருத்தம் வாங்க ஆள் இருக்காது. பிறகு எல்லாப் பக்கத்தையும் கலரில் ஸ்கேன் செய்து, ஒரு ஜெராக்ஸும் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.