62 கிலோ ஜனாதிபதி

கேள்வி: பசிபிக் கடலில் நவுரு என்ற குட்டித் தீவில் பளுதூக்கும் வீரர் ஒருவர் ஜனாதிபதியாகவே இருந்தாராமே? விளையாட்டு வீரர்கள் இப்படி ஆட்சிக்கு வந்தால் நாடு உருப்படுமா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: உருப்படுவதைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தக் 'குட்டி'. எவ்வளவு குட்டி என்று நினைக்கிறீர்கள்? மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர்தான். காலையில் காபியைக் குடித்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் நடக்க ஆரம்பித்தால், நாட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஜனத்தொகை பத்தாயிரத்துச் சொச்சம். அதிகாரபூர்வமான தலைநகர் என்று ஒன்று கிடையாது.

ஆனால் குட்டி செய்த செலவு குட்டியில்லை ஐயா. அந்த மண் முழுக்க பாஸ்பேட், அதாவது உரத்துக்கான மூலப்பொருள். 1968-ல் சுதந்திரம் வாங்கியதும் அதைத் தோண்டி விற்றார்கள். எழுபதுகளில் தலைக்கு இவ்வளவு வருமானம் என்று கணக்குப் போட்டால் உலகப் பணக்கார நாடுகளின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது நவுரு. உட்கார்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். பாஸ்பேட் பறவை எச்சத்திலிருந்து வந்தது என்பது ஊர்ப்பேச்சு. அதனால் மெல்போர்ன்காரர்கள் அந்த மாளிகைக்கு எச்சத்தைச் சேர்த்தே ஒரு செல்லப்பெயர் வைத்தார்கள். அப்புறம் 1993-ல் லண்டனில் லியனார்டோ டா வின்சியைப் பற்றிய ஒரு இசை நாடகத்துக்கு அரசாங்கப் பணத்தைப் போட்டார்கள். சில வாரங்களில் பெட்டி படுக்கையோடு திரும்பியது. சினிமா எடுக்கலாமா, தெரிந்தவர் ஒருவர் நல்ல கதை வைத்திருக்கிறார் என்று இந்தப் பக்கத்துக்கு அடிக்கடி எழுதிக் கேட்கும் அன்பர்கள் இந்த ஒரு பாராவைக் கத்தரித்து பர்ஸில் வைத்துக்கொள்ளவும். ஒரு நாட்டுக்கே கையைச் சுட்டிருக்கிறது. 2005 டிசம்பரில் அவர்களிடம் மிச்சமிருந்த ஒரே விமானத்தையும் கடன்காரர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சரி, உங்கள் ஆள். பெயர் மார்கஸ் ஸ்டீபன், பிறந்தது 1969. பள்ளிப் படிப்புக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்குப் போன பையன். அங்கே பால் காஃபா என்ற பயிற்சியாளர் கையில் சிக்கி, தண்டைப் பிடித்தார். 1990-ல் ஆக்லாந்து காமன்வெல்த் போட்டி, 60 கிலோ உடல் எடைப் பிரிவு. ஸ்னாட்ச்சில் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்குவது) தங்கம், கிளீன் அண்டு ஜெர்க்கிலும் (தோளில் நிறுத்தி, அங்கிருந்து தலைக்கு மேலே தூக்குவது) இரண்டும் சேர்ந்த மொத்தத்திலும் வெள்ளி. அந்த இரண்டிலும் அவரை முந்தித் தங்கம் எடுத்தவர் நம் பர்வேஷ் சந்தர் சர்மா. இந்த விவரம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாம்தான் கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆட்டக்காரனின் மைத்துனர் பெயர் வரை ஒப்பிப்பவர்களாயிற்றே!

1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக் வந்தது. ஸ்டீபன் தயார், நாடுதான் தயாரில்லை. நவுருவுக்கு அப்போது ஒலிம்பிக் அங்கீகாரமே கிடையாது. மனிதர் சமோவா நாட்டுக் குடியுரிமை வாங்கி, அந்தக் கொடியின் கீழ் போய்த் தூக்கினார்; ஒன்பதாவது இடம். நவுருவுக்கு அங்கீகாரம் 1994-ல் வந்தது. வீரனை நாடு அனுப்பிவைத்த கதைகள் நிறையக் கேட்டிருக்கிறோம். இங்கே வீரன் முன்னால் போக, நாடு பின்னால் வந்து சேர்ந்தது.

அவருடைய காமன்வெல்த் கணக்கு 7 தங்கம், 5 வெள்ளி. பதக்கப் பட்டியல் என்றாலே நான் கண்ணாடியை மாட்டிக்கொள்வேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஸ்னாட்ச்சுக்கு ஒரு பதக்கம், கிளீன் அண்டு ஜெர்க்குக்கு ஒரு பதக்கம், இரண்டையும் கூட்டி வருகிற மொத்தத்துக்கு இன்னொன்று. மூன்றாவது, மனக்கணக்குக்குக் கொடுத்த பரிசு என்று நான் முன்பு எழுதப்போக, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரிடமிருந்து காரசாரமாக ஒரு நீண்ட கடிதம் வந்தது. அவர் கோபம் இன்னும் ஆறவில்லை. நானும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஸ்டீபன் நான்கு போட்டிகளுக்குப் போனார், நான்கிலும் மும்மூன்று, ஆக 12. அதில் 1994, 1998 இரண்டிலும் மூன்றுமே தங்கம். 2006 முதல் மொத்தத்துக்கு மட்டும்தான் பதக்கம் என்று ஆக்கிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பன்னிரண்டையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, 1999-ல் ஏதென்ஸ் உலகப் போட்டியில் கிளீன் அண்டு ஜெர்க்கில் எடுத்த ஒற்றை வெள்ளியைத்தான் பார்க்கச் சொல்வேன். ஆள் 62 கிலோ பிரிவு, தூக்கியது 172.5 கிலோ. தரையிலிருந்து தோளுக்கு ஏற்றி, குந்திய நிலையிலிருந்து எழ வேண்டும். பாதிப்பேருக்கு இங்கேயே மூச்சு முட்டிவிடும். பிறகு முழங்காலை லேசாக மடக்கி ஒரு உந்து, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, தண்டு தலைக்கு மேலே. முழங்கை மடங்கினால் போச்சு. பாதங்களை ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் சைகை காட்டிய பிறகுதான் கீழே போடலாம்.

2003-ல் நாடாளுமன்றத்துக்குப் போனார். 2007 டிசம்பரில் ஜனாதிபதி. அப்போது நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் மொத்தம் 18 பேர். இரட்டைப்படை என்றாலே வம்புதான். 2010 ஏப்ரலில் தேர்தல் வைத்தார்கள்: அந்தப் பக்கம் 9, இந்தப் பக்கம் 9. ஜூனில் மறுபடி தேர்தல் வைத்தார்கள். முடிச்சு அவிழவில்லை. நெருக்கடி நிலைப் பிரகடனம், பேச்சுவார்த்தை என்று மாதக்கணக்கில் இழுத்தது. எனக்கு ஒரே ஆச்சரியம், இதற்கு வழி அவர் கையிலேயே இருந்தது. பளுதூக்குதலில் அன்றைய விதிப்படி இரண்டு பேர் ஒரே எடையைத் தூக்கியிருந்தால், உடல் எடை குறைந்தவருக்கே வெற்றி. சபை நடுவில் ஒரு எடை மிஷினைப் போட்டு, ஒன்பது பேரை ஒரு பக்கமாகவும் ஒன்பது பேரை இன்னொரு பக்கமாகவும் வரிசையில் விட்டிருந்தால் அரைமணி நேரத்தில் ஆட்சி அமைந்திருக்கும். முதல் நாள் ராத்திரி பட்டினி கிடப்பார்கள், தலைமுடியை வெட்டிக்கொள்வார்கள், ஒரு உறுப்பினர் செருப்பைக் கழற்ற மறுத்து வெளிநடப்புச் செய்வார். கட்சி தாவுவதற்கும் ஆள் கிடைக்காது. குண்டு உறுப்பினரை எந்தக் கட்சி சேர்த்துக்கொள்ளும்? பாவம், அவர்கள் இந்த யோசனை இல்லாமல், முன்னாள் ஜனாதிபதி லுட்விக் ஸ்காட்டியைச் சபாநாயகராக்கி நவம்பரில் ஒருவழியாகச் சமாளித்தார்கள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 2011 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் பசிபிக் தீவுகளின் சார்பில் எழுந்து, கடல் மட்டம் உயர்வதைப் பற்றிப் பேசினார். தோண்டித் தோண்டி நடுத்தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை முட்களாக நிற்கும் நாட்டிலிருந்து வந்தவர். ஓரத்தில் மிஞ்சிய பட்டையில்தான் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், அதையும் கடல் கேட்கிறது.

அதே வருடம் நவம்பரில் பாஸ்பேட் பேரம் ஒன்றில் எதிர்க்கட்சி ஊழல் புகார் சொன்னது. அவர் மறுத்தார். ஆனாலும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வருவதற்கு முன்னால் ராஜினாமா செய்தார். அடுத்து வந்தவர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. உருப்படுமா என்று கேட்டீர்களே, எச்சம் தீர்ந்து, விமானம் போய், நாடகமும் படுத்த பிறகு சாவியை வாங்கியவரிடம் கேட்கிற கேள்வியா இது? அங்கே வீரர் அரசியலுக்குப் போனார். இங்கே அரசியல்வாதிகள் விளையாட்டுச் சங்கங்களுக்கு வந்தார்கள். எதுவும் தூக்கிப் பழக்கமில்லாதவர்கள். 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு முன்னால், ஊக்கமருந்து வழக்குகளுக்காக நம் பளுதூக்கும் சம்மேளனம் லட்சக்கணக்கான டாலர் அபராதம் கட்டிவிட்டுத்தான் மேடையேறியது. அதைப் பற்றி ஒரு கேள்வி எழுதுங்களேன், ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன்.

ஸ்டீபன் 2019-ல் சபாநாயகரானார். எழுந்து நிற்பவர்களை உட்காரச் சொல்கிற உத்தியோகம்.