நட்ட 22-ஆம் நாளில் தக்காளி முடங்கினால்…

"பாலக்கோடு பக்கம் முக்கால் ஏக்கரில் தக்காளி நட்டிருக்கிறேன். நாற்று வெளியில் வாங்கியது. 22 நாளிலேயே பத்துக்கு ஒரு செடி முடங்கிவிட்டது. கடையில் கொடுத்த வெள்ளை ஈ மருந்தை மூன்று முறை அடித்தும் கேட்கவில்லை. வேறு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

நான்காவது முறை பணத்தைக் கொட்டுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: முடங்கிய செடியை மீட்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. நீங்கள் அடித்த மருந்து ஈயைக் கொல்லும். அந்த ஈ செடிக்குள் புகுத்திவிட்ட வைரஸை அது தொடாது.

முதலில் இது இலைச்சுருள் வைரஸ்தானா என்று பாருங்கள். நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் ஓடி, கணுக்கள் நெருங்கிச் செடி புதர்போல நின்றால் அதுவேதான். அடி இலைகள் மட்டும் பச்சை மாறாமல் தடித்துச் சுருண்டிருந்தால் வெயில்தான் காரணம். அந்தச் செடி காய்க்கும். குருத்தும் தண்டும் கறுத்துக் காய்ந்தால் அது இலைப்பேன் என்ற சிறு பூச்சி பரப்பும் மொட்டுக்கருகல் வைரஸ். அதற்கு வெள்ளை ஈயைத் துரத்திப் பயனில்லை. பக்கத்துச் சோளக்காட்டில் அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்து பட்டாலும் இலை நாடாபோல ஒடுங்கும்.

இலைச்சுருள்தான் என்றால் நாட்களைக் கணக்குப் போடுங்கள். வைரஸ் புகுந்து இலை சுருளப் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம் ஆகும். 22-ஆம் நாளில் இத்தனை செடி முடங்கியிருக்கிறது என்றால், நாற்றங்காலிலோ நட்ட முதல் சில நாட்களிலோ தொற்றியிருக்க வேண்டும். நாற்று வண்டியிலிருந்து இறங்கும்போது பச்சைப்பசேலென்று இருந்திருக்கும். அதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

நாற்றுப் பண்ணைக்குப் போனால் மேலே கட்டியிருக்கும் வலையைப் பாருங்கள். பல இடங்களில் இருப்பது நிழல்வலை. அது வெயிலைக் குறைக்கும், ஈயைத் தடுக்காது. வெள்ளை ஈ ஒரு மில்லிமீட்டர் அளவுதான். நிழல்வலைக் கண்ணில் தாராளமாக நுழையும். அங்குலத்துக்கு 40 முதல் 50 கண்கள் கொண்ட நைலான் பூச்சி வலை வேண்டும். கதவுக்கும் அதே வலை வேண்டும். நாற்று நிற்கும் குழித்தட்டின் மேல் கையை லேசாக ஓட்டுங்கள். சாம்பல் பறப்பதுபோல ஈக்கள் எழும்பி, மறுபடி இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த நாற்றை வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

மருந்து ஏன் கேட்பதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. நோயுள்ள செடியில் கால் மணி, அரை மணி நேரம் சாறு குடித்தாலே ஈக்கு வைரஸ் ஏறிவிடும். அது ஈயின் குடல் வழியாகப் போய் எச்சில் சுரப்பியைச் சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதன்பிறகு அந்த ஈ சாகும்வரை பரப்பும். வெளியிலிருந்து வரும் ஈ உங்கள் மருந்தில் சாவதற்குள் செடியில் வாய் வைத்துவிடுகிறது. இதில் சிந்தெடிக் பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிமருந்தை அடித்திருந்தால் இன்னும் கேடு: ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, ஈ பெருகும். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் 1999-இல் புதிய வகை வெள்ளை ஈ வந்து இறங்கி, தக்காளியில் இந்நோய் கடுமையாகப் பரவியது. அன்றிலிருந்து உங்கள் பகுதி விவசாயிகளுக்கு இது தீராத தலைவலி.

இப்போது செய்ய வேண்டியது இது. முடங்கிய செடிகளைத் தயங்காமல் பிடுங்குங்கள். காய்ப்பதற்கு முன்பே முடங்கிய செடி உங்களுக்கு ஒன்றும் தராது. நின்றால் மீதிச் செடிகளுக்கு நோயைக் கொடுக்கும். விடியற்காலையில், ஈ மந்தமாக இருக்கும்போது, செடியைச் சாக்கில் மூடிப் பிடுங்கிப் புதையுங்கள். வரப்பில் போட்டால் ஈ எழுந்து பக்கத்துச் செடிக்குப் போய்விடும். அடுத்த மூன்று வாரமும் நான்கு நாளுக்கு ஒருமுறை இப்படிச் சுற்றி வாருங்கள். பூவும் காயுமாக நிற்கும்போது முடங்குகிற செடியை விட்டுவிடலாம். பிடித்த காய் தேறும்.

நல்ல செடிகளைக் காக்க மருந்து வேண்டும்தான், ஆனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பின் மற்றொன்று அடிப்பது மாற்றி அடித்ததாகாது. ஒரு முறை அதில் ஒன்று என்றால் அடுத்த முறை சயன்ட்ரானிலிப்ரோல் அல்லது ஸ்பைரோமெசிஃபென், லேபிளில் உள்ள அளவில். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். இளங்குஞ்சுகள் அங்கேதான் வெளிர் மஞ்சள் செதில்போல ஒட்டிக் கிடக்கும்.

அடுத்த நடவுக்கு, ஒரு மாதம் முன்பே ஈயை மறிக்கும் வேலியாக வயலைச் சுற்றி மூன்று வரிசை மக்காச்சோளம் விதையுங்கள். மண்ணின் மேல் வெள்ளி நிற மூடாக்குத் தாள் விரித்தால் ஈ இறங்குவது குறையும். ஈ தங்கும் இடமான, வரப்பிலுள்ள துத்தி, பார்த்தீனியக் களைகளை அகற்றுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள வீரிய ஒட்டு ரகம் நல்ல துணை. ஆனால் ஈ மொய்க்கும் கோடையில் அதுவும் ஓரளவு முடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, காய்த்து ஓய்ந்த பழைய தக்காளிக் காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புது நாற்று நடாதீர்கள். அது பக்கத்துக்காரர் காடாக இருந்தால், நடவுக்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசி அழிக்கச் சொல்லுங்கள்.